ஆய்ந்து அரிதல்

(ஆனையூரில் நடைபெற்ற தசலட்சணப் பெருவிழாவில், உத்தம சம்யம நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து அறங்களுள் இன்று நாம் போற்றுவது உத்தம சம்யமம். அதனைப் பெரியோர் இருவகையாகப் பகுத்துரைப்பர். ஐம்பொறிகளையும் மனத்தையும் அடக்கி ஆளுதல் ஒன்று. ஆறுவகை உயிர்த்தொகுதிகளுக்கும் நம்மால் ஊறு நேராவண்ணம் ஒழுகுதல் மற்றொன்று. புலனடக்கம் பற்றி ஆண்டுதோறும் கேட்கிறோம். உயிர்க்காப்பு என்னும் இரண்டாம் வகை, நம் இல்லத்தில் நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகும் இடம் அடுக்களையே. அங்கேதான் நீரை வடிகட்டிக் காய்ச்சுகிறோம், தீயை மூட்டுகிறோம், இரும்பைக் கையிலெடுத்துப் பசுங்காயை அரிகிறோம்.

ஆதலால், இளைஞர் அமர்வுக்கென விழாக் குழுவினர் குறித்திருந்த வினாவையே என் உரைக்கும் பொருளாகக் கொண்டேன். ‘அடுக்களைக் கத்தியைக் கையாளும் திறன், வாழ்வுக்கு இன்றியமையாத திறன்களுள் ஒன்றாகுமா?’ என்பது அவ்வினா. கேட்ட மாத்திரத்தில் சிலர்க்கு முறுவல் வரலாம். காய் நறுக்குவதும் ஒரு கல்வியா என்று தோன்றலாம். நம் மரபில் நின்று பார்த்தால் இவ்வினா சிறியதன்று என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

இன்று பள்ளிகளில் ‘வாழ்க்கைத் திறன்கள்’ என்னும் சொல் அடிக்கடி வழங்குகிறது. 1990-களில் உலகச் சுகாதார நிறுவனம் பள்ளிக் கல்விக்கென முன்வைத்த பட்டியலில் பத்துத் திறன்கள் இடம்பெற்றன. தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், திறனாய்வுச் சிந்தனை, படைப்புச் சிந்தனை, முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், கருத்துப் பரிமாற்றம், உறவு பேணல், மன அழுத்தத்தை எதிர்கொள்ளல், உணர்ச்சிகளைக் கையாளல் என்பன அவை. பத்தும் மனத்தின் திறன்கள். கையின் திறன் ஒன்றும் அதில் இல்லை. பட்டியலை வகுத்தோர்மீது குறை கூற இதனைச் சொல்லவில்லை. மனத்தின் திறன்களை மனத்தால் மட்டும் கற்க இயலுமா, அவை வந்து பயிலும் இடம் ஒன்று வேண்டாவா என்பதே நாம் எண்ணத்தக்கது.

இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மதுரையில், ஓர் ஆயர் வீட்டில், ஒரு சிராவகக் குடும்பத்து அடுக்களைக் காட்சியைச் சிலப்பதிகாரம் நமக்குக் காட்டுகிறது. வகுப்பறையில் பல ஆண்டுகள் நடத்திய பகுதியாதலின், அதனைச் சற்று விரிவாகக் கூற ஒப்புதல் வேண்டுகிறேன்.

புகாரிலிருந்து கோவலனும் கண்ணகியும் புறப்பட்டபோது, உடன் வந்தவர் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள். வழியின் இயல்பை அவர் எடுத்துரைக்கும் இடம் நாடுகாண் காதையில் உள்ளது. நீர்க்கரை வழியே நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபட்டு வருந்தக்கூடும், அத்துன்பம் தாங்கத்தக்கதன்று என்று அவர் முன்கூட்டியே எச்சரிக்கிறார். பார்த்து நடத்தல் என்னும் அறத்தை அவ்வழி நடையிலேயே கண்ணகி கேட்டாள்.

மதுரையை அடைந்தபின், கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அடுத்து வரும் கொலைக்களக் காதையில், கோவலன் சாவக நோன்பு உடையவன் என்பதால், பகற்பொழுதிலேயே உணவு ஆக்குதற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது தருமாறு ஆய்ச்சியர்க்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் கொணர்ந்து தந்தவை பலாக்காய், வரியுடைய வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பால்படு பொருள்கள் ஆகியன. அப்பட்டியலில் கிழங்கு ஒன்றும் இல்லை என்பதையும் கருதுக.

அதன்பின் கண்ணகி குயத்தைக் கையிலெடுக்கிறாள். குயம் என்பது வளைந்த வாயையுடைய அரிவாள். நம் அரிவாள்மனையின் முன்னோடி எனலாம். மெல்லிய விரல்கள் சிவக்கும்படி அவள் பல்வேறு காய்களை அரிகிறாள். முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டி உதவுகிறாள். பெருவணிகன் வீட்டில் பிறந்து பெருவணிகன் வீட்டில் புகுந்தவள் கண்ணகி. ஏவலர் நிறைந்த அவ்வீட்டில் வளர்ந்தும் அவள் இத்தொழிலை அறிந்திருந்தாள். செல்வம் போயிற்று, ஊர் போயிற்று, உறவும் உடனில்லை. கையில் கற்றிருந்த தொழில் மட்டும் போகவில்லை. கணவனின் நோன்பு அயலூரில் கெடாமல் அன்று காத்தது அத்தொழில். இதைவிடத் தெளிவாக ‘இன்றியமையாத திறன்’ என்பதற்கு விளக்கம் கூற எனக்குத் தெரியவில்லை.

இனி, சொல்லொன்றைப் பற்றிச் சிறிது கூற விழைகிறேன். காய்களை அரிவது தொடர்பாகத் தமிழில் உள்ள வினைச்சொற்கள் பல. அரிதல், நறுக்குதல், கீறுதல், பிளத்தல், சீவுதல், துருவுதல், கொத்துதல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு செயலைக் குறிக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் சொல் ஒன்று உண்டு. கீரையைக் கட்டவிழ்த்து உட்காரும் தாயிடம் ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால், ‘கீரை ஆய்கிறேன்’ என்பாள். ஆய்தல் என்றால் பழுத்ததை, பூச்சி அரித்ததை, வேண்டாத தண்டை நீக்கிக் கொள்ளத்தக்கதைத் தெரிதல். அச்சொல்லே ஆராய்தல், ஆய்வு, திறனாய்வு என்றெல்லாம் விரிகிறது. உள்ள பொருள் மேன்மேலும் நுண்ணிதாதலைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய உரியியல் ஆய்தலை வைக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பேரனும், முற்றத்தில் கீரை ஆயும் பாட்டியும் செய்யும் வினைக்கு நம் மொழி ஒரே பெயரை வைத்திருக்கிறது.

இதனைச் சமய நூலும் வலியுறுத்துகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் இம்சை யாது என்று வரையறுக்கும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தலே இம்சை என்று கூறுகிறார். பிரமாதம் என்பது கவனமின்மை, சோர்வு. ஆதலின் இம்சையின் வேர் கருவியில் இல்லை. கருவியைப் பற்றிய கையின் பின்னே நிற்கும் சோர்வில் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் அகிம்சை விரதத்தை உறுதிப்படுத்தும் ஐந்து பாவனைகள் கூறப்பட்டுள்ளன. சொல்லைக் காத்தல், மனத்தைக் காத்தல், பார்த்து நடத்தல், பொருளைப் பார்த்து எடுத்தலும் வைத்தலும், உண்பனவற்றையும் பருகுவனவற்றையும் பார்த்துக் கொள்ளுதல் என்பன அவை. இறுதி இரண்டையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆதான நிக்ஷேபணமும் ஆலோகித பான போஜனமும் அடுக்களையில் பயிலாமல் வேறு எங்கே பயிலப்படும்?

அது எவ்வாறு பயிலப்படுகிறது என்பதைச் சில காய்களைக் கொண்டே காட்டுகிறேன்.

கத்தரிக்காயைத் துளைக்கும் புழு உள்ளேயே வாழும். அது நுழைந்த துளை கழிவால் அடைபட்டிருப்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பழக்கமற்ற கை, காயைக் குறுக்கே வட்டமாக வெட்டிக்கொண்டே போகும். புழு இரும்பில் சிக்கிய பின்னரே தெரியவரும். பழகிய கை முதலில் காம்படியையும் தோலையும் நோக்கும். பின்னர் நெடுக்காக மெல்லக் கீறி, இரண்டாக விரித்துப் பார்க்கும். குற்றமற்றதென்று தெளிந்த பிறகே நறுக்கும். புழு இருந்தால் அப்பகுதியோடு எடுத்துச் சென்று செடியடியில் விடும். பட்டாணியையும் அவரையையும் அவ்வாறே பிளந்து பார்த்தல் வேண்டும்.

காலிபிளவரைப் பலரும் உப்பிட்ட வெந்நீரில் மூழ்கவைத்துப் புழுக்களை வெளியேற்றுமாறு கூறுவர். வெளியேறுவது இறந்த புழு; நமக்கு அது வழியாகாது. அடித்தண்டை மட்டும் கத்தியால் சுற்றி வெட்டி நீக்கி, பூங்கொத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் நோக்க வேண்டும். கத்தியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதும் கத்தித் திறனே. கீரையைக் கட்டோடு நீரில் அமிழ்த்துவதும் தகாது. வெள்ளைத் துணியின்மேல் விரித்து, தட்டி, ஆய்ந்து, அதன்பின் கழுவுக.

எவ்வளவு ஆய்ந்தாலும் பிரிக்க இயலாதவையும் உள. ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பால்மரப் பழங்களை நம் முன்னோர் விலக்கினர். அத்தியின் பூக்கள் பழத்துக்குள்ளேயே அடைபட்டிருக்க, சிறு குளவிகள் அதனுள் நுழைகின்றன என்பதை இன்று உயிரியல் நூல்களும் கூறுகின்றன. கத்தியால் காக்க முடியாத இடத்தில் விலக்கல் காக்கிறது.

கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். அரிவாள்மனையில் இரும்பு அசையாது நிற்க, காய் இருகைகளாலும் பிடிக்கப்பட்டு இரும்பை நோக்கிச் செல்லும். கத்தியிலோ காய் நிற்க, இரும்பு நகரும். ஆகவே கத்தி பிடிப்போர் மறுகையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளுதல் வேண்டும். மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று எண்ணிப் பிள்ளைகளுக்கு அதனைத் தருவோர் உளர். மழுங்கிய கத்தி அழுத்தத்தை வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் விரலை வெட்டும். காயையும் அது அரியாமல் நசுக்கும். சாணை பிடித்த கூரிய கத்தியே அஞ்சாமல் கற்கத்தக்கது. அரிந்து முடித்தபின் அரிவாள்மனையைப் படுக்கவைத்தலும், கத்தியைப் பிறர் கையில் நேரே நீட்டாமல் கீழே வைத்து எடுக்கச் செய்தலும் நம் வீடுகளின் பழைய வழக்கம். ஆதான நிக்ஷேபணம் என்னும் சொல்லைக் கேளாத பாட்டியரும் அதனை வழுவாது கைக்கொண்டிருந்தனர்.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம்; எழுப்புவதே முறை. அனர்த்த தண்டம் எனப்படும் பயனற்ற தீச்செயல்களுள் ஹிம்ஸாதானமும் ஒன்றாக எண்ணப்படுகிறது. கோடரி, வாள் முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல் தகாது என்று சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறுகிறார். அவ்வாறாயின் பிள்ளையின் கையில் கத்தி கொடுப்பது அக்குற்றத்தின்பாற் படாதா?

நுணுகி நோக்கினால், அங்கே விலக்கப்படுவது ஊறு விளைதற்கு ஏதுவாகக் கருவியை வாரி வழங்குதல். அதே பகுதியில் பிரமாதசரியை என்று மற்றொன்றையும் அவர் விலக்குகிறார். பயனின்றி மண்ணைத் தோண்டுதலும், நீரை வீணாக்குதலும், செடிகொடிகளை வெட்டுதலும் அதன்பாற் படும். ஓரறிவு உயிரேயாயினும் வேண்டாது வெட்டாதே என்பது கருத்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் விதி இதுவே: தேவையான அளவு, தேவையான இடத்தில், பார்த்து. தோலோடு பாதிச் சதையையும் சீவி எறிவது, நால்வர்க்குப் பத்துப்பேர் அளவு நறுக்கி மிஞ்சியதைக் கொட்டுவது ஆகியன பயிற்சியின்மையால் நேரும் பிரமாதசரியை. கற்பிக்காமல் கத்தி கொடுப்பது குற்றம் என்பதை நானும் ஒப்புகிறேன். கற்பித்துக் கொடுப்பதோ அக்குற்றத்துக்கு மருந்து.

நம் மதுரையின் வடகிழக்கே அழகர்மலைக் குகைத்தளத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. அங்கு உறைந்த அறவோர்க்குக் கொடை அளித்தோர் பெயர்களுள் உப்பு வணிகர், பணித வணிகர், அறுவை வணிகர், பொற்கொல்லர் ஆகியோரோடு கொழு வணிகர் ஒருவரும் காணப்படுகிறார். கொழு என்பது ஏரின் முனையில் பொருத்தும் இரும்பு. இரும்பின் கூர்முனையை விற்று வாழ்ந்தவர் பெயரும் அறவோர் தங்கிய மலையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரும்பைத் தொட்ட கையென்று அக்கொடையை அவர்கள் ஒதுக்கவில்லை.

இனி நம் பிள்ளைகளிடம் வருகிறேன். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பணியின் பொருட்டு இங்கு வந்து குடியமர்ந்தோர் நம்மில் பலர். நம் பிள்ளைகள் இங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். புறப்படும் நாளில், புலால் தொடாதே, இரவில் உண்ணாதே, தேன் கொள்ளாதே என்று அறிவுரை கூறி அனுப்புகிறோம். விரதத்தைக் கொடுக்கிறோம், அதனைக் காக்கும் கருவியைக் கொடுப்பதில்லை.

1888-ஆம் ஆண்டு இலண்டனுக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். பேசார்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி அவரைச் சூளுறச் செய்தார். மதுவையும் மங்கையையும் புலாலையும் தொடேன் என்று தாயின்முன் உறுதி கூறிய பிறகே அன்னை விடை கொடுத்தார். அவ்விளைஞரே காந்தியடிகள். இலண்டன் வந்த புதிதில், தங்கிய வீட்டார்க்கு அவருக்கு என்ன சமைப்பதென்றே தெரியவில்லை; அவர் அரைவயிற்றோடு காலம் கழித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். பின்னர்த் தனியறை ஒன்றை அமர்த்தி, அடுப்பு ஒன்று வாங்கி, ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். செலவு குறைந்தது, சூளும் நின்றது. மன உறுதி அவரிடம் முதல்நாளே இருந்தது. அதற்குத் துணையாகக் கையின் திறன் வந்தபோதே வாழ்வு எளிதாயிற்று.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. மதுரையில் ஆண்டின் பெரும்பகுதியும் மாலை ஆறு மணியை ஒட்டியோ, ஆறே முக்காலுக்குள்ளோ கதிரவன் மறைந்துவிடுகிறான். பணி முடிந்து திரும்புவோர்க்குப் பொழுது சாயுமுன் உணவு கொள்ள மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். பழகாத கை அந்நேரத்தைக் காய் நறுக்குவதிலேயே செலவிடும். பின்னர் ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்று இரவுணவைக் கைப்பேசி வழியே தருவிக்கும். அந்த ஒருநாள் வழக்கமாக மாறுவதை நம் வீடுகளிலேயே காண்கிறோம். பழகிய கையோ விரைந்து முடிக்கும். பழக்கம் தரும் விரைவு கவனத்தைக் குறைப்பதில்லை. கைக்கு வேலை தெரிந்தபின், கண் பார்ப்பதற்கு ஓய்வு பெறுகிறது.

நறுக்கிய காய்கள் பொட்டலமாகக் கடையில் கிடைக்கின்றனவே என்பர். கிடைக்கின்றன. ஆனால் அவற்றை ஆய்ந்த கண் யாருடையது? முழுக்காயைப் போட்டு இழுத்தால் துண்டுகளாக்கித் தரும் கருவியும் வந்திருக்கிறது. அதன் மூடியை மூடுமுன் காயைப் பிளந்து பார்த்தவர்க்கு அதுவும் உதவும். பாராதவர்க்குத் தீங்கே செய்யும். கை நடுங்கும் முதியோரும், உடற்குறை உடையோரும் இவற்றைப் பயன்படுத்துதலில் இழுக்கில்லை. அவர்கள் ஆய்ந்து தர, வேறொருவர் அரியலாம். அரிதலைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்கலாம். ஆய்தலை விட்டுக்கொடுக்க இயலாது.

ஆகவே வினாவுக்கு என் விடை இது. இன்றியமையாத திறன் ஆய்தல். கத்தித் திறன் அதனைக் கற்பிக்கும் மிக அண்மையான பள்ளி. அப்பள்ளியில் சேராமலே ஆய்தலைக் கற்றோர் சிலர் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அதைவிட எளிய பள்ளி ஒன்றை நான் அறியேன்.

இதில் மகன், மகள் என்னும் வேறுபாடு வேண்டா. விரதம் இருவர்க்கும் ஒன்றாயின், அதனைக் காக்கும் தொழிலும் இருவர்க்கும் ஒன்றே. ‘நளபாகம்’, ‘வீமபாகம்’ என்று ஆடவர் பெயராலேயே நல்ல சமையலைப் பாராட்டும் நாட்டில், மகன் அரிவாள்மனையில் அமர்வதைக் குறைவாக எண்ணுவது பொருந்தாது.

சிலம்பின் காட்சிக்கு இன்னொருமுறை உங்களை அழைக்கிறேன். கண்ணகி குயத்தால் காய் அரிந்த அதே கொலைக்களக் காதையின் இறுதியில் மற்றோர் இரும்பு வருகிறது. பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டு, ஆராயாது ஆணையிட்டான் பாண்டியன். கோவலனின் தோற்றம் கள்வனுடையதாக இல்லையே என்று காவலருள் ஐயமும் எழுந்தது. அவ்வையத்தைப் பொருட்படுத்தாத, கல்வியற்ற, கள்ளுண்ட ஒருவன் கையில் இருந்த வாள் பாய்ந்தது. ஒரே நாளில், ஒரே காதையில், இருவேறு இரும்புகள். ஒன்றின்முன் ஆய்தல் இருந்தது. அது நோன்பைக் காத்தது. மற்றொன்றின்முன் அரண்மனையில் எவரும் ஆயவில்லை. ஒரு குடியும் ஒரு நகரும் அழிந்தன. பின்னர் அவைக்கு வந்த கண்ணகி, ஆராயாதவன் என்றே அரசனை விளித்தாள். அரசனாயினும் அடுக்களையில் நிற்போராயினும், இரும்பை எடுக்குமுன் செய்யவேண்டிய கடமை ஒன்றே.

பெற்றோர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். இப்பர்வம் முடியும் அனந்த சதுர்த்தசிக்குள், பத்து வயது கடந்த பிள்ளை ஒவ்வொன்றையும் ஒருநாள் பகல் வெளிச்சத்தில் உங்கள் அருகே அமர்த்துங்கள். முதல்நாள் கத்தி வேண்டா. ஒரு கட்டு முருங்கைக்கீரையை ஆயச் சொல்லுங்கள். அடுத்த நாள் வெண்டைக்காயை நெடுக்கே கீறிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் கத்தரிக்காய். உள்ளே புழு ஒன்று கண்டால் அருவருத்துக் கத்தவிடாமல், அதனை எங்கே கொண்டு விடுவது என்று கேளுங்கள். பிள்ளையே விடை சொல்லட்டும்.